திரிதடையம்: ஒற்று மிகாத ஒரு சொல்

வானொலிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்த தலைமுறைக்கு டிரான்சிஸ்டர் என்றால் அந்தப் பெட்டிதான். உள்ளே இருந்த சிறு உறுப்பின் பெயர் முழுப் பெட்டிக்கும் ஆகிவந்தது. ‘தலைக்கு ஒரு பழம்’ என்பதைப் போன்ற சினையாகுபெயர் இது.

அந்த உறுப்பு 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. முக்கோணப் பிளாஸ்டிக் துண்டின் விளிம்பில் தங்கத் தகட்டை ஒட்டி, முனையில் பிளேடால் மெல்லியதாகக் கீறி, அதை ஜெர்மானியம் என்ற தனிமத்தின் படிகத்தின்மேல் அழுத்தி வைத்தார் வால்டர் பிராட்டன். பெயர் சூட்டியவர் அங்கேயே பணியாற்றிய ஜான் பியர்ஸ். வெப்பத்தால் தடை மாறும் உறுப்புக்குத் தெர்மிஸ்டர், மின்னழுத்தத்தால் மாறுவதற்கு வாரிஸ்டர் என்ற பெயர்கள் ஏற்கெனவே இருந்தன. அந்த வரிசைக்கு ஒத்து ஒலிக்கும் பெயராக, 1948-இல் டிரான்சிஸ்டர் நிலைபெற்றது.

தமிழில் திரிதடையம். திரிதல் என்றால் மாறுதல். பால் திரிவதும் புணர்ச்சியில் எழுத்து திரிவதும் இதே வினைதான். தடையம், மின்னோட்டத்தைத் தடுக்கும் உறுப்பு. துப்பைக் குறிக்கும் ‘தடயம்’ வேறு சொல்; எழுதும்போது கவனம் வேண்டும். திரிந்த, திரிகின்ற, திரியும் தடையம் என விரிவதால் இது வினைத்தொகை. அதனால் நடுவே ஒற்று மிகாது. ஆங்கில ஒலியையும் தொட்டுக்கொண்டு, உறுப்பின் தொழிலையும் சொல்லிவிடுகிறது. இதைவிடப் பொருத்தமான ஆக்கம் எனக்குத் தெரியவில்லை.

பொருத்தம் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. திரிதடையங்களால் ஆன கணினிச் செயலிகளைச் (processor) சிறிதாக்கும் முயற்சி முட்டி நின்றதே இந்தத் ‘தடை’யில்தான். மின்னோட்டத்தை விடவும் நிறுத்தவும் செய்யும் பகுதிக்கு வாயில் (gate) என்று பெயர். அந்த வாயிலுக்கும் மின்னோட்டம் பாயும் தடத்துக்கும் நடுவே ஒரு மின்காப்புப் படலம் இருக்கிறது. 2000-களின் நடுவில் அதன் தடிமன் ஏறத்தாழ 1.2 நானோமீட்டர், அதாவது ஐந்து அணு அடுக்குகள் என்ற அளவுக்கு மெலிந்தது. எலக்ட்ரானுக்கு அலைத்தன்மையும் உண்டு. அதனால் அவ்வளவு மெல்லிய சுவரை அது ஏறிக் கடக்க வேண்டியதில்லை. ஊடுருவி மறுபக்கம் போய்விடும். மூடிய குழாயிலும் சொட்டுகிற நீரைப்போல, அணைத்து வைத்த திரிதடையத்திலும் மின்சாரம் கசிந்து வெப்பமாக வீணானது.

2007-இல் இன்டெல் அந்தப் படலத்தை ஹாஃப்னியம் சேர்ந்த பொருளுக்கு மாற்றியது. அதைத் தடிமனாக வைத்தாலும் வாயிலின் பிடி தளராது. பிறகு தடத்தையே மீன்துடுப்பைப் போல நிமிர்த்தி, வாயிலால் மூன்று பக்கமும் அணைத்தார்கள். 2022-இல் சாம்சங் உற்பத்தியைத் தொடங்கிய வடிவத்தில், தடம் மெல்லிய ஏடுகளாகக் கிடக்க, வாயில் ஒவ்வோர் ஏட்டையும் நான்கு பக்கமும் சுற்றி வளைத்திருக்கிறது.