நித்தியகல்யாணி செய்யும் வேலை வேறு

மூலிகை ஆய்வுக் கட்டுரைகளில் இரண்டு விஷயங்கள் ஒட்டிப் பிறந்த மாதிரி சேர்ந்தே வரும்: இந்த இலைச்சாற்றில் ஆன்டிஆக்சிடன்ட் அதிகம், இது புற்றுநோயை எதிர்க்கும். முதலாவது இருப்பதால்தான் இரண்டாவது என்று படிப்பவரும் முடிவு கட்டிவிடுகிறார்.

முதலாவதை எப்படி அளக்கிறார்கள்? டிபிபிஹெச் என்ற வேதிப்பொருளை மெத்தனாலில் கரைத்தால் அடர் ஊதா நிறம் வரும். அதன் மூலக்கூறில் ஜோடி சேராத எலக்ட்ரான் ஒன்று இருக்கிறது. இப்படிப்பட்ட மூலக்கூறுதான் ஃப்ரீ ரேடிக்கல்; அதை அடக்குவது ஆன்டிஆக்சிடன்ட். இலைச்சாற்றில் உள்ள பாலிஃபீனால்கள் என்ற தாவரப் பொருட்கள் ஒரு ஹைட்ரஜனைக் கொடுத்தால் டிபிபிஹெச் அடங்கிவிடும்; ஊதா வெளிறி மஞ்சளாகும். 517 நானோமீட்டர் அலைநீள ஒளியை வைத்து எவ்வளவு வெளிறியது என்று பார்ப்பார்கள். செலவும் நேரமும் குறைவு என்பதால் கல்லூரி ஆய்வகங்களில் இதற்கு ஏக மவுசு. ஆனால் டிபிபிஹெச் நம் உடம்பில் கிடையாது. பச்சைத் தேயிலைச் சாறுகூட இந்தச் சோதனையில் அமர்க்களமாகத் தேறும்.

இந்தச் சோதனையை மார்ஸ்டன் பிளாய்ஸ் என்ற ஆய்வாளர் 1958இல் வெளியிட்டார். அதே ஆண்டு கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் குழுவினர் வேறொரு கதையைச் சொன்னார்கள். ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்குக் கஷாயம் போட்டுக் குடிக்கும் நித்தியகல்யாணி இலைகள் (நம்மூர் சுடுகாட்டு மல்லியேதான்) அவர்களுக்கு வந்து சேர்ந்தன. எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தார்கள், சர்க்கரை குறையவில்லை. சாற்றை ஊசியில் ஏற்றினார்கள். அப்போதும் குறையவில்லை, எலிகள் தொற்று வந்து செத்தன. ஏனென்று பார்த்தால் வெள்ளையணுக்கள் சரிந்து, எலும்பு மஜ்ஜை முடங்கியிருந்தது. சர்க்கரை மருந்தைத் தேடியவருக்கு அது தோல்விதான். ஆனால் வெள்ளையணுக்கள் வெறிகொண்டு பெருகும் ரத்தப் புற்றுக்கு? அப்படித்தான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து பிடிபட்டது. அதே செடியிலிருந்து வந்த வின்கிறிஸ்டினுக்கு 1963இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுச் சிகிச்சையில் இன்றும் அதற்கு முக்கிய இடம் உண்டு.

இதில் ஆன்டிஆக்சிடன்டுக்கு எந்தப் பங்கும் இல்லை. செல் இரண்டாகப் பிரியும்போது, இரட்டித்த குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்க நுண்குழாய்கள் தேவை. டியூபுலின் என்ற புரதத் துண்டுகள் அடுக்கடுக்காகக் கோத்து அந்தக் குழாய்கள் உருவாகின்றன. வின்கிறிஸ்டின் டியூபுலினில் ஒட்டிக்கொண்டு குழாயை வளரவிடாது. குரோமோசோம்கள் நடுவில் வரிசையாக நின்றபடி நிற்கும். செல் பிரிய முடியாமல் செத்துப்போகும். பச்சையாகச் சொன்னால் இது விஷம். அடிக்கடி பிரியும் செல்லுக்கு அடி பலம், அதனால் முடியும் கொட்டும். நரம்புகளின் நீண்ட இழைகளுக்குள் சரக்குப் போக்குவரத்தும் இதே நுண்குழாய்கள் வழியாகத்தான் நடக்கிறது. வின்கிறிஸ்டின் ஏற்றியவர்களுக்குக் கை கால் மரத்துப்போவது அதனால்தான்.

சரி, ஆன்டிஆக்சிடன்டை மட்டும் தனியாகக் கொடுத்துப் பார்த்தார்களா? பார்த்தார்கள். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடன்டை மாத்திரையாகச் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்று குறையவில்லை. 18 சதவீதம் கூடியிருந்தது. ஃப்ரீ ரேடிக்கலின் தாக்குதலிலிருந்து ஆன்டிஆக்சிடன்ட் நல்ல செல்லைக் காக்கும் என்றால், புற்றுச் செல்லையும் காக்கக்கூடும் என்று விலங்கு ஆய்வுகள் பின்னாளில் காட்டின. அதற்காகக் கீரையையும் பழத்தையும் ஒதுக்க வேண்டியதில்லை. மாத்திரையாக, பெரிய அளவில் விழுங்குவது வேறு சங்கதி.

அப்புறம், நித்தியகல்யாணியைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லும் வாட்ஸ்அப் வைத்தியம். ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கவே சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். வின்கிறிஸ்டின் அதைவிடவும் அரிது. அளந்து, ரத்தக்குழாய் (சிரை) வழியாக மட்டுமே ஏற்றுவார்கள். கைப்பிடி இலையில் மருந்தளவு வராது. ஆனால் அந்தச் செடியில் இருக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட பிற ஆல்கலாய்டுகள் (உடம்பில் வீரியமாக வேலை செய்யும் தாவர வேதிப்பொருட்கள்) கஷாயத்தோடு கலந்து உள்ளே போகும்.