முதல் மிக்ஸை எப்படிக் கேட்கக் கொடுப்பது?

டி.ஜே. பழகுகிறவர்கள் பலரும் முதலில் செய்வது இதுதான்: பாட்டுகளை இடைவெளியில்லாமல் கோத்து ஒரு மணி நேர மிக்ஸாகப் பதிவு செய்து, லிங்க்கை எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டு, "எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள். "செம ப்ரோ", "வேற லெவல்" என்று பதில் வரும். பதில் போட்டவர்களில் பாதிப் பேர் இரண்டாவது பாட்டுக்கே வந்திருக்க மாட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அந்தக் கேள்விக்கு வேறென்ன பதில் சொல்ல முடியும்?

கல்யாண மேடையிலும் கிளப்பிலும் வாசிப்பதோடு, கற்றும் கொடுக்கிறேன். என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்வது: 15, 20 நிமிடம் போதும். நான்கைந்து டிரான்ஸிஷன் (ஒரு பாட்டிலிருந்து அடுத்ததுக்கு மாறும் இடம்) அதற்குள் வந்துவிடும். பாட்டுப் பட்டியலையும், ஒவ்வொரு டிரான்ஸிஷனும் எந்த நிமிடத்தில் தொடங்குகிறது என்பதையும் சேர்த்துப் போடுங்கள். கேட்பவர் நேராக அந்த இடத்துக்குப் போய்விடுவார். ஒலிப்பதிவு பகிரும் தளமான சவுண்ட்கிளவுடில் குறிப்பிட்ட நொடியிலேயே கருத்து எழுத வசதி இருக்கிறது. பழகுகிறவருக்கு இது பெரிய உதவி.

கேள்வியையும் குறிப்பாகக் கேளுங்கள். உதாரணமாக, "7:40-இல் பாஸ் மோதுதா?" இரண்டு பாட்டின் கிக்கும் (டிரம்மின் கனமான அடி) பாஸும் (தாழ்ந்த ஒலி) ஒரே நேரத்தில் முழுசாக ஒலித்தால் அடி ஓசை குழம்பி, இரண்டுமே தெளிவில்லாமல் போகும். உள்ளே வரும் பாட்டின் லோ குமிழை (தாழ்ந்த ஒலியைக் கூட்டிக் குறைப்பது) இறக்கி வைத்து, அடுத்த பகுதி தொடங்கும் முதல் பீட்டில் அதை ஏற்றி, வெளியே போகும் பாட்டின் லோ குமிழை இறக்க வேண்டும். 128 பி.பி.எம். (நிமிடத்துக்கு 128 பீட்) வேகத்தில் 32 பீட் என்பது சரியாக 15 நொடி. பெரும்பாலான டான்ஸ் டிராக்குகளில் மாற்றங்கள் இந்தக் கணக்கில்தான் வரும். நாலு பீட் முன்னே பின்னே ஆனாலும் காது கண்டுபிடித்துவிடும். ஆனால் பாஸ் மோதல் போன் ஸ்பீக்கரில் கேட்காது. "ஹெட்போன்ல கேளுங்க" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

மிக்ஸரில் சிவப்பு விளக்கு எரிய எரியப் பதிவு செய்தால் ஒலி உடைந்துவிடும். பிறகு சத்தத்தைக் குறைத்தாலும் அந்த உடைசல் போகாது. ஒலி அளவின் உச்சம் -6 டி.பி. (டெசிபெல்) பக்கம் நிற்கட்டும். தவறிய இடத்தை ஆடாசிட்டி போன்ற எடிட்டிங் சாஃப்ட்வேரில் வெட்டி ஒட்டாதீர்கள். நீங்கள் வாசிக்காத மிக்ஸுக்கு வரும் கருத்தால் உங்கள் கைக்கு என்ன லாபம்?

யாரிடம் கேட்கிறோம் என்பதும் முக்கியம். எண்பதுகளின் இளையராஜா பாடல்கள் பலவற்றில் கலைஞர்கள் நேரடியாக வாசித்ததால், வேகம் ஒரே சீராக இருக்காது. டி.ஜே. சாஃப்ட்வேர் பீட் விழும் இடங்களைக் குறித்துப் போடும் பீட் கிரிட் நடுவில் விலகும், இரண்டு பாட்டின் வேகத்தைத் தானாகப் பொருத்தும் சிங்க் பட்டனும் கைவிடும். அந்த இடத்தை ஜாக் வீலில் (கையால் சுழற்றும் வட்டத் தட்டு) இழுத்துப் பிடிக்கிற வித்தை, மெஷின் பீட்டில் சீராக ஓடும் டெக்னோ மட்டும் வாசிப்பவருக்குப் பழக்கமாகியிருக்காது. தமிழ்ப் பாட்டு வாசிக்கிற ஒருவரிடம் தனி லிங்க் அனுப்பிக் கேளுங்கள். "பாட்டு செலக்‌ஷன் பிடிக்கல" என்பது அவரவர் ரசனை. "4:10-இல் பீட் நழுவுது" என்றால் உடனே திரும்பப் போய்க் கேளுங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். பொதுவில் போட்ட மிக்ஸைக் காப்புரிமைக் காரணத்தால் தளமே நீக்கக்கூடும். பிரதியைக் கணினியில் வைத்திருங்கள். "உங்க மிக்ஸை ஆயிரக்கணக்கானோர் கேட்க வைக்கிறோம், பணம் கட்டுங்க" என்று உள்பெட்டிக்கு வரும் செய்திகளுக்குப் பதிலே போடாதீர்கள். அப்படி ஏறும் எண்ணிக்கை பெரும்பாலும் பாட்களுடையது (bots, தானாக இயங்கும் போலிக் கணக்குகள்). ஒரு டிரான்ஸிஷனைப் பற்றிக்கூட அவை கருத்துச் சொல்லப் போவதில்லை.