ஆட்சேபணை – தடையுரை

எந்த இடம் எதற்கு என்று வகுக்கும், ஊருக்கான முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) வரைவு வெளியாகும்போது, "ஆட்சேபணைகளும் ஆலோசனைகளும் வரவேற்கப்படுகின்றன" என்று செய்தித்தாள் அறிவிப்பில் ஒரு வரி வரும். இப்போது அந்த வரி இணையப் படிவங்களின் தலைப்பிலும் ஏறிவிட்டது. சேலம் அம்மாப்பேட்டையில் தறி நெய்யும் பெரியவர் ஒருவருக்கு அப்படியொரு படிவத்தைக் கைப்பேசியில் காட்டினேன். முதல் சொல்லிலேயே நின்றுவிட்டார். "ஆட்சேபணை என்றால் சர்க்காரை எதிர்ப்பதுதானே தம்பி? நமக்கு எதற்கு வம்பு?"

அவர் தயங்கியதில் வியப்பில்லை. சொல்லின் வேரே எறிதல்தான். வடமொழியில் 'க்ஷிப்' என்றால் வீசு. 'ஆ' என்னும் முன்னொட்டோடு அது ஆக்ஷேபம், ஆக்ஷேபணம் என்றாகி, ஒருவர் கூற்றின்மீது எதிர்க்கூற்றை வீசுவதைக் குறித்தது. பக்ஷி பட்சியானது போல ஆக்ஷேபணம் ஆட்சேபணையாயிற்று. பழைய கிரயப் பத்திரங்களில் 'நிதி நிட்சேபம்' என்று படித்திருப்பீர்கள். அந்த நிட்சேபத்துக்கும் வேர் இதுவே. அங்கே அது மண்ணுக்குள் இட்டுவைத்த பொருள்.

ஆனால் சட்டம் கேட்பது சண்டையை அல்ல. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, வரைவின்மீது எவர் வேண்டுமானாலும் எழுத்து மூலம் கருத்துச் சொல்லலாம். அதற்குக் குறைந்தது 2 மாத அவகாசம் தர வேண்டும். நிலம் வைத்திருப்பவர் மட்டும் என்று அதில் இல்லை. வரைபடத்தில் ஒரு தெரு குடியிருப்புக்குரிய மஞ்சளில் இருக்கிறது என்று வையுங்கள். "இங்கே வீட்டுக்குள்ளேயே தறி ஓடுகிறது" என்று நெசவாளர் எழுதினால் அது ஆட்சேபணை. சேர்வராயன் மலையிலிருந்து இறங்கித் திருமணிமுத்தாற்றில் சேரும் ஓர் ஓடை வரைபடத்தில் விடுபட்டிருந்தால், அதைச் சுட்டிக்காட்டுவதும் ஆட்சேபணை. மழைநீர் எந்தச் சந்து வழியே வரும் என்பது அந்தச் சந்தில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

தமிழில் எப்படிச் சொல்வது? 'மறுப்பு' என்ற சொல் 'வேண்டாம்' என்பதோடு நின்றுவிடுகிறது. 'எதிர்ப்பு' என்றால் பெரியவர் அஞ்சியதே அதுதான். நான் 'தடை' என்பேன். 'தடையில்லாச் சான்று' என்று அரசு அலுவலகங்களில் அது ஏற்கெனவே இந்தப் பொருளில் புழங்குகிறது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நம் பழைய உரை மரபில், ஒரு கருத்தின்மீது எழுப்பும் கேள்வி தடை. அதற்கு அளிக்கும் பதில் விடை. தடை வந்தால் விடை வந்தாக வேண்டும். தனியே 'தடை' என்றால் தடுத்து நிறுத்துவதாகத் தோன்றக்கூடும் என்பதால், 'தடையுரை' என்று எழுதலாம்.

இணையக் கருவிகள் பலவற்றில் காணாமற்போவது இந்த விடைதான். படிவத்தை அனுப்பியதும் ஒப்புகை எண் வரும், அதோடு சரி. பார்சிலோனா மாநகரம் 2016இல் தொடங்கிய தளத்துக்கு 'டெசிடிம்' என்று பெயர். கத்தலான் மொழியில் 'முடிவெடுக்கிறோம்'. அதில் மக்கள் வைக்கும் முன்மொழிவின் கீழேயே, ஏற்றார்களா, மறுத்தார்களா, ஏன் என்று நிர்வாகம் பதில் எழுத இடம் இருக்கிறது. தடையும் விடையும் அடுத்தடுத்து, ஊரே படிக்கும்படி.

பெரியவரிடம் தடை, விடை இரண்டையும் விளக்கினேன். கைப்பேசியைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். "சரி, எழுதலாம். விடை எத்தனை நாளில் வரும் என்று இதில் எங்கே போட்டிருக்கிறது?" என்று கேட்டார்.