ட்ரெட்வேர்னா தேய்மானம் இல்லைங்க, உழைப்பு

ஆட்டோகிராஸ்னா திடல்ல கோன் வச்சுப் பாதை போட்டு, ஒவ்வொரு வண்டியாத் தனியா ஓட்டி நேரம் பாக்குற கார் போட்டி. அத ஓட்ட வர்றவங்களுக்காக யாரோ தமிழ்ப்படுத்தின விதிமுறை ஒண்ணு போன வாரம் கைக்கு வந்துச்சு. அதுல ஒரு வரி: "டயரின் குறைந்தபட்சத் தேய்மானம் 200 ஆக இருக்க வேண்டும்." டயரோட பக்கச்சுவர்ல ஆங்கிலத்துல 'ட்ரெட்வேர்'னு ஒரு எண்ணு போட்டிருக்கும், அதத்தான் தேய்மானம்னு மாத்தியிருக்காங்க. இதே வரிய வேற வேற ஆளுங்க எழுதி நான் எத்தனையோ தடவ படிச்சாச்சு, ஒவ்வொரு தடவையும் பல்லக் கடிச்சுக்கிட்டு விட்டுட்டேன், இந்தத் தடவ விட முடியல. ஏன்னா இந்த ஒரு வரிய நம்பி ஒருத்தன் நாலு டயர் வாங்கி ஏமாந்தத நான் பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன்.

பையனுக்கு நல்ல ஸ்போர்ட்ஸ் கார், ரெண்டு சீட்டு, எடை கம்மி. முதல் போட்டிக்கு டயர் பார்க்குறான். விதியில "குறைந்தபட்சத் தேய்மானம் 200"னு இருக்கு. அவன் யோசிச்சது ரொம்ப நியாயம்: தேய்மானம் 200 வரைக்கும் விடுறாங்கன்னா, 100 இருக்கிற டயர் இன்னும் கம்மியாத்தானே தேயும், அப்போ அது இன்னும் நல்லதுன்னு 100 போட்டதா பார்த்து வாங்கிட்டான். போட்டி அன்னிக்குக் காலைல வண்டிய சோதிக்கிறவர் முன்சக்கரத்துக்கிட்ட குனிஞ்சு, டார்ச் அடிச்சு, டயரோட பக்கச்சுவர்ல இருந்த சின்ன எழுத்த விரலால தடவிப் படிச்சாரு. "100. இந்த கிளாஸ்ல ஓட்ட முடியாதுப்பா"ன்னுட்டாரு. அன்னிக்கு முழுக்க அவன் பந்தய டயர் போட்ட வண்டிங்களோட சேர்ந்து ஓட்டி கடைசியா வந்தான். தப்பு அவன் மேல இல்ல. அவன் தமிழ சரியாத்தான் படிச்சான், எழுதினவங்கதான் தலைகீழா எழுதியிருந்தாங்க.

விஷயம் என்னன்னா, ட்ரெட்வேர் எண் கூடினா டயர் மெதுவாத் தேயும், குறைஞ்சா சீக்கிரம் தேயும். 100ங்கிறது ஒப்பீட்டுக்குன்னு வச்சிருக்கிற டயர், 200 போட்டது அதே மாதிரி ஓட்டத்துல அத மாதிரி ரெண்டு மடங்கு தாங்கணும், 300 போட்டது மூணு மடங்கு. இது அமெரிக்க அரசோட டயர் தர முறையில ஒரு பகுதி. டெக்சாஸ்ல சான் ஏஞ்சலோ ஊரச் சுத்தி சுமார் 400 மைல் பாதை ஒண்ணு வச்சிருக்காங்க, அதுல ஒப்பீட்டு டயர் போட்ட வண்டியையும் சோதிக்க வேண்டிய டயர் போட்ட வண்டியையும் வரிசையா ஒண்ணு பின்னாடி ஒண்ணா மொத்தம் 7,200 மைல் (11,500 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல) ஓட்டி, இடையில நிறுத்தி நிறுத்திப் பள்ளத்தோட ஆழத்த அளந்து கணக்குப் போடுவாங்க. எண்ண டயர்ல அச்சடிக்கிறது அரசு இல்ல, கம்பெனியேதான். சோதனையில வந்தத விடக் கம்மியாவும் போட்டுக்கலாம், ஏத்திப் போடத்தான் கூடாது.

சொல் வரலாறு பெருசா ஒண்ணும் இல்ல. ட்ரெட்ங்கிறது மிதிக்கிறதுங்கிற பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது, டயர்ல தரைய மிதிக்கிற பாகம். நம்ம ஆளுங்க அத 'பட்டன்'பாங்க, அது தேய்ஞ்சு போனா 'மொட்டை'ம்பாங்க, ரெண்டுமே அருமையான சொல்லு. பின்னாடி வர்ற 'வேர்' (wear)ங்கிற ஆங்கிலச் சொல்லுதான் சிக்கல். முதல்ல துணி உடுத்துறதுக்கான சொல்லு அது, உடுத்த உடுத்தத் துணி நைஞ்சு போகுமில்லையா, அப்படித் தேயுறதுக்கும் ஆச்சு. அதோட நிக்கல, உடுத்தி உடுத்தியும் தாக்குப்பிடிக்கிற துணியச் சொல்லவும் ஆங்கிலத்துல இதே சொல்லுதான். அதாவது தேயுறதும் தாங்குறதும் ஒரே சொல்லுக்குள்ள இருக்கு. அதனால அங்க "ட்ரெட்வேர் 200"னு சொன்னா ரெண்டு பக்கமும் போகும். தமிழ்ல தேய்மானம் ஒரே பக்கம்தான் போகும், கீழ் நோக்கி மட்டும்.

இதக் கொஞ்சம் நிதானமாச் சொல்லணும், ஏன்னா "அதான் தேயுறதப் பத்தின எண்ணுதானே, தேய்மானம்னா என்ன தப்பு"ன்னு கேக்குறவங்க நிறைய பேர். தேய்ங்கிற வினைய எங்க வச்சுப் பாத்தாலும் அது குறையுறதுதான். தேய்பிறை, கழுதை தேய்ஞ்சு கட்டெறும்பானது, எல்லாம் சிறுத்துப் போறதச் சொல்றது. அது மேல 'மானம்' ஏறும்போது அது ஒரு அளவாகுது. வருமானம்னா வந்தது எவ்வளவு. தேய்மானம்னா தேய்ஞ்சது எவ்வளவு. வருமானம் 200ன்னா 100 வருமானத்த விட ஜாஸ்தின்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அப்போ தேய்மானம் 200ன்னா 100 தேய்மானத்த விட ஜாஸ்தியாத் தேய்ஞ்சதுன்னுதானே காது எடுத்துக்கும்? கணக்கு எழுதுறவங்களக் கேளுங்க, இயந்திரத்துக்குத் தேய்மானம் எழுதுவாங்க, அந்தத் தொகை ஏற ஏற இயந்திரத்தோட மதிப்பு இறங்கும். நகை செய்யுற இடத்துலயும் தேய்மானம்னா போனது எவ்வளவுன்னுதான் அர்த்தம். இவ்வளவு காலமா ஒரே திசையில ஓடிக்கிட்டிருக்கிற சொல்ல, டயருக்கு மட்டும் திருப்பி விட்டுட்டு, படிக்கிறவன் தானா புரிஞ்சுக்கணும்னா எப்படி?

போதாக்குறைக்கு "குறைந்தபட்ச". குறைந்தபட்சத் தேய்மானம்னு வேகமாப் படிச்சா 'கம்மியாத் தேயுறது'ன்னே விழுது. தலைகீழான சொல்லு மேல இன்னொரு குழப்பத்த ஏத்தி வச்ச மாதிரி.

இத சில பேர்கிட்ட சொன்னேன். ஒருத்தர் "குறியீடுன்னு சேத்துட்டா தீர்ந்துச்சு"ன்னு தேய்மானக் குறியீட்டெண்ணுன்னு போட்டாரு. தீரலைங்க. குறியீடுங்கிறது வால், தலை இன்னும் தேய்மானம்தான், படிக்கிறவன் தலையத்தான் புடிப்பான். "தேய்மானக் குறியீட்டெண் உயர்ந்த டயர்"னு ஒரு வாக்கியம் எழுதி யார்கிட்டயாவது காட்டிப் பாருங்க, சீக்கிரம் போயிடுற டயர்னுதான் சொல்லுவாங்க. இன்னொருத்தர் தனித்தமிழ்ல ரொம்பப் பிடிப்புள்ளவர், நான் மதிக்கிறவர், "உருளிப்பட்டைத் தேய்வெதிர்ப்புத் திறன் தரவெண்"ணு குடுத்தாரு. திசை சரி, அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா ஈரத் தரையில முட்டி போட்டுக்கிட்டு டயரப் பாத்துக்கிட்டிருக்கிற ஆள் பக்கத்துல நிக்கிறவன்கிட்ட "தேய்வெதிர்ப்புத் திறன் தரவெண் எவ்வளவு"ன்னு கேப்பானா? கேக்க மாட்டான், "ட்ரெட்வேர் எவ்வளவு"ன்னுதான் கேப்பான். சொல்லு வாயில நிக்கலன்னா அது ஏட்டுலயே செத்துப்போகும், தூய்மையா இருந்து யாருக்கு லாபம்? அதோட 'எதிர்ப்பு'ன்னு ஒண்ண எல்லாத்துக்கும் ஒட்டுறது எனக்குப் பிடிக்கல. நீர் எதிர்ப்பு, வெப்ப எதிர்ப்பு, தேய்வு எதிர்ப்பு. தமிழ்ல பொருள் எதிர்க்காது, தாங்கும். மழை தாங்கும், சூடு தாங்கும், அடி தாங்கும்.

இதுக்கு நம்மகிட்ட ஏற்கனவே சொல்லு இருக்கு, தேடக் கூட வேண்டியதில்ல. செருப்பு வாங்கும்போது என்ன கேக்குறோம்? "இது நல்லா உழைக்குமா?" "போன தடவ வாங்கினது ரெண்டு வருஷம் உழைச்சுது." துணிக்கும் அதேதான், பைக்கும் அதேதான், டயருக்கும் அதேதான். "அந்த டயர் நல்லா உழைக்கும்"னு எந்த மெக்கானிக்கும் சொல்லுவாரு. ஒரு பொருள் பயன்பட்டுக்கிட்டே தேய்மானத்தத் தாங்கி நிக்கிறதுக்கு உழைக்கிறதுன்னு பேரு வச்ச மொழி நம்மளது. ஆங்கிலத்துல வேர்ங்கிற சொல்லு உடுத்துறதுலேருந்து தாங்குறதுக்குப் போன மாதிரியே இதுவும் பாடுபடுறதுலேருந்து தாங்குறதுக்கு வந்திருக்கு. அதனால என் தேர்வு: ட்ரெட்வேர்னா உழைப்பு, ட்ரெட்வேர் 200ன்னா உழைப்பு எண் 200. எண் கூடினா ஜாஸ்தி உழைக்கும். திசை தானா சரியா வந்துடுது.

ஒரு எச்சரிக்கை மட்டும். சேத்து எழுதாதீங்க. உழைப்பு, எண் ரெண்டும் புணர்ந்தா 'உழைப்பெண்'ணு ஆகும், கண்ணு அதுல 'பெண்'ணப் பிரிச்சுப் படிச்சிடும், வேற எங்கயோ போயிடும். இலக்கணம் இடம் குடுத்தாலும் பிரிச்சே எழுதுங்க. உழைப்புன்னா மனுஷன் பாடுபடுறதுதானேன்னு கேப்பாங்க, டயர் பக்கத்துல வரும்போது யாருக்கும் அந்தக் குழப்பம் வராது. நான் சோதிச்சும் பார்த்தேன். அந்தப் பையன்கிட்டயே "உழைப்பு எண் 200 அல்லது அதுக்கு மேல இருக்கணும்"னு எழுதிக் காட்டினேன். ஒரு நொடி பாத்துட்டு, "அப்போ நான் வாங்கின 100 சீக்கிரம் தேய்ஞ்சு போறதா?"ன்னு கேட்டான். நான் ஒண்ணும் விளக்கல, சொல்லே விளக்கிடுச்சு.

சரி, உழைப்பு எண்ணப் பாத்தா மட்டும் டயரத் தேர்ந்தெடுத்துட முடியுமா? முடியாது, அதையும் சொல்லிடணும், ஏன்னா சொல்லு சரியாயிட்டா எண்ணு மேல அளவுக்கு மீறி நம்பிக்கை வந்துடும். அமெரிக்காவுல ஆட்டோகிராஸ் நடத்துற ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்காவோட ஸ்ட்ரீட் வகுப்புங்கள்ல 200ங்கிறது வாசல்ல கேக்குற சீட்டு, அவ்வளவுதான். அந்தச் சீட்டு வாங்கணும்னே கம்பெனிங்க டயர 200ன்னு போட்டு விக்கிறாங்க. பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ், யோகோஹாமா ஏ052, ஃபால்கன் ஆர்டி660, ஹான்கூக் ஆர்எஸ்4, எதத் திருப்பிப் பாத்தாலும் 200. ஆனா ஓட்டிப் பாத்தா ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல. ஆட்டோகிராஸ்ல ஒரு ஓட்டம் ஏறக்குறைய ஒரு நிமிஷம், சூடேத்த சுத்து கிடையாது, முதல் கோன்லயே டயர் கவ்வணும். ஏ052 அதுக்குன்னே செஞ்ச மாதிரி சட்டுன்னு கவ்வும், ஆனா ஒரே வண்டிய ரெண்டு பேர் மாத்தி மாத்தி ஓட்டினா சூடு ஏறிப்போயி வழுக்க ஆரம்பிக்கும், அதான் இடைவெளியில தண்ணி தெளிக்கிறாங்க. அடிக்கடி ஓட்டினா சீக்கிரமே மொட்டையும் ஆயிடும். ஆர்எஸ்4 அப்படி இல்ல, சூடாக நேரம் எடுக்கும், ரொம்ப நாள் வரும், பெரிய ட்ராக்ல சுத்து மேல சுத்து ஓட்டுறவனுக்கு அது சரி. ரெண்டுலயும் அச்சடிச்ச எண்ணு ஒண்ணுதான். இன்னொரு பக்கம் மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் 300, தினசரி ஓட்டத்துக்கு அருமையான டயர், ஆட்டோகிராஸ்ல மேல சொன்னதுங்களோட நேரத்துக்குக் கிட்ட வராது. நான் கையால தடவிப் பார்த்த பைலட் ஸ்போர்ட் கப் 2 ஒண்ணுல 180, பிடிப்பு எவ்வளவு இருந்தும் இருபது எண்ணுல வாசல்லயே நின்னுடும்.

டயர் வாங்கின அப்புறம் எண்ணு பக்கமே போகாதீங்க, சாக்பீஸ் எடுங்க. பட்டன் முடிஞ்சு பக்கச்சுவர் ஆரம்பிக்கிற அந்தத் தோள்பட்டையில குறுக்கால ஒரு கோடு போட்டுட்டு ஒரு ஓட்டம் ஓட்டிட்டு வந்து பாருங்க. கோடு பக்கச்சுவர் வரைக்கும் அழிஞ்சிருந்தா காத்து கம்மி, டயர் மடங்கி ஓரத்துல நடக்குது. கோடு தோள்லயே அழியாம இருந்தா காத்து ஜாஸ்தி. மேல சொன்ன ஸ்ட்ரீட் வகுப்புங்கள்ல ரிம் அகலத்த மாத்த விடமாட்டாங்க, ஆனா டயர் அகலத்துல ஆசை விடாது, ஒடுக்கமான ரிம்ல அகலமான டயரத் திணிச்சா இந்த மடங்கல் இன்னும் மோசமாகும். சாக்பீஸ் கோடு அத ஒளிக்காமக் காட்டிடும்.

மறுபடி மொழிபெயர்ப்புக்கே வர்றேன், ஏன்னா ட்ரெட்வேர் மட்டும் தனியா நாசமாகல. அதே பக்கச்சுவர்ல அதுக்குப் பக்கத்துலயே இன்னும் ரெண்டு சொல்லு இருக்கு. ட்ராக்ஷன்னு போட்டு ஒரு தர எழுத்து இருக்கும், அத இழுவைன்னு எழுதுறாங்க. அந்த எழுத்து எதுக்குத் தர்றதுன்னு பாத்தாங்களா? நனைஞ்ச தார்லயும் நனைஞ்ச கான்கிரீட்லயும் நேர்கோட்டுல பிரேக் அடிச்சா எவ்வளவு பிடிக்குதுன்னு அளக்குறது அது, வளைவப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாது. ஆட்டோகிராஸ்ல நேரா போற இடமே கம்மி. 'இழுவை டபுள் ஏ'ன்னு படிச்சிட்டு ஒருத்தன் வளைவுல நம்பிப் போனா யாரு பொறுப்பு? ஈரப் பிடிப்புன்னு எழுதினா எல்லை தெளிவாத் தெரியும். டெம்பரேச்சர் ஏ-ன்னு இருக்கிறத 'வெப்பநிலை ஏ'ன்னு எழுதுறாங்க, வெப்பநிலைக்கு ஏது ஏ, பி, சி? அது சூடு தாங்குற தரம். அகராதியில முதல் அர்த்தம் எதுவோ அத எடுத்து ஒட்டிட்டுப் போறாங்க, பொருளப் போயி தொட்டுப் பாக்குறதில்ல. டயர் எங்கயும் ஓடிப்போகல, வாசல்ல நிக்கிற வண்டியிலேயே நாலு இருக்கு, குனிஞ்சு படிச்சா போதும்.

ஆட்டோகிராஸ 'தானியங்கிக் குறுக்கு ஓட்டம்'னு போட்டதையும் படிச்சேன். அந்த ஆட்டோ ஆட்டோமொபைல்ல வர்ற ஆட்டோ, வண்டிய ஓட்டுறது ஒரு ஆளு, தானா இயங்குறது அங்க எதுவும் இல்ல. இதுக்கு ஆட்டோகிராஸ்னே விட்டுடுங்க, ஊர் பேர மொழிபெயர்க்கிறோமா?

ஸ்ட்ரீட் டயர் 'தெரு டயர்' ஆனதுதான் எனக்கு இன்னும் ஆறல. தெருன்னா நமக்கு ரெண்டு பக்கமும் வீடு இருக்கிற வரிசை. ஸ்ட்ரீட்ங்கிற சொல்லு லத்தீன்ல கல்லு பாவின பாதையில பிறந்தது, டயர் விஷயத்துல அதுக்கு ஒரே அர்த்தம், பந்தயத் திடலுக்கு மட்டும்னு இல்லாம பொதுச்சாலையில ஓட்ட அனுமதி உள்ளதுன்னு. சாலை டயர்னு எழுதலாம், பேசும்போது ரோடு டயர்னு சொல்லலாம், ரெண்டும் யாருக்கும் புரியும். அந்த விதிமுறைய எழுதினவங்களுக்கு இத அனுப்பியிருக்கேன், "டயர் சாலை டயராகவும் அதன் உழைப்பு எண் 200 அல்லது அதற்கு மேலாகவும் இருக்க வேண்டும்"னு வரியையும் முழுசா எழுதிக் குடுத்துட்டேன், அப்படியே எடுத்துப் போட்டுக்கலாம்.