6-4-3 என்றால் என்ன? பேஸ்போல் ஸ்கோர் தாளை வாசிப்பது எப்படி

நியூயோர்க்கில் கோடைக்காலத்தில் மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் பேஸ்போல் ஆட்டம், திருகோணமலையில் நமக்கு விடிகாலை நாலரை மணி. அந்த நேரத்துக்கு எழும்ப முடியாமல் பிறகு ஸ்கோர் தாளைத் திறந்தால், கே, எஃப்8, 6-4-3, பிபி என்று கிடக்கும். மக்கெய்சர் மைதானத்தில் கிரிக்கெட் ஸ்கோர் எழுதிப் பழகியவர்களுக்கே தலை சுற்றும். ஆனால் ஒன்பது எண்கள் மனதில் நின்றால் பாதி வேலை முடிந்தது.

இவை சட்டையில் உள்ள எண்கள் அல்ல, நிற்கும் இடத்தின் எண்கள். பந்தை எறியும் பிட்சர் 1, அடிப்பவருக்குப் பின்னால் நின்று அதைப் பிடிக்கும் கெட்சர் 2. ஓட்டம் எடுக்கச் சுற்றி வர வேண்டிய தளங்கள்தான் பேஸ்கள்; அவற்றைக் காக்கும் முதல், இரண்டாம், மூன்றாம் பேஸ்காரர்கள் முறையே 3, 4, 5. இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நிற்கும் ஷோர்ட்ஸ்டொப் 6. வெளிக்களத்தில் இடது 7, நடு 8, வலது 9.

சரி, இப்போது 6-4-3. முதல் பேஸில் ஒருவர் நிற்கிறார். அடித்த பந்து தரையோடு உருண்டு ஷோர்ட்ஸ்டொப்பிடம் போகிறது. அவர் எடுத்து இரண்டாம் பேஸ்காரருக்கு எறிய, அங்கே ஓடி வந்தவர் அவுட். இரண்டாம் பேஸ்காரர் உடனே முதல் பேஸ்காரருக்கு எறிய, அடித்தவரும் அவுட். பந்து போன பாதை முழுவதும் மூன்று எண்களுக்குள் இருக்கிறது. இந்தக் குறிப்புமுறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

எஃப்8 என்றால் உயர எழும்பிய பந்தை நடு வெளிக்களத்தவர் பிடித்துவிட்டார். பிபி என்றால் நான்கு தவறான பந்துகளால் கிடைத்த இலவச முதல் பேஸ். அடிக்கத் தவறிய பந்தும், அடிக்கக்கூடியதாக வந்தும் விட்ட பந்தும் ஸ்ட்ரைக்; கே என்பது மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட். இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவில் கிரிக்கெட் செய்தியும் எழுதிய ஹென்றி சாட்விக் என்ற பத்திரிகையாளர் 19ஆம் நூற்றாண்டில் வைத்த குறி அது. மட்டையை வீசாமலே மூன்றாவது ஸ்ட்ரைக்கை விட்டு அவுட்டானால் கேயை இடவலமாகத் திருப்பி எழுதுவார்கள். 1956 ஒக்டோபர் 8, அமெரிக்க பேஸ்போலின் இறுதிச் சுற்றான உலகத் தொடரின் ஓர் ஆட்டத்தில் பிட்சர் டொன் லார்சன் 27 பேரையும் ஒருவர்கூட பேஸை எட்டாமல் வீழ்த்தினார். கடைசியாக வந்த டேல் மிட்செல் அவுட்டானது இப்படித்தான்.

தாளின் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு சிறு வைரவடிவம் இருக்கும். ஆட்டக்காரர் எந்தப் பேஸ்வரை போனாரோ அதுவரை கோடு. சுற்றி வந்துவிட்டால் வடிவத்தையே நிரப்பிவிடுவார்கள். அதுதான் ஓட்டம்.

கிரிக்கெட்டில் பூச்சியத்தில் பிடி தவறவிடப்பட்டவர் சதம் அடித்தாலும், அச்சாகும் ஸ்கோர் அட்டையில் அந்தத் தவறு தெரியாது. பேஸ்போலில் ஈ6 என்று எழுதிவிடுவார்கள்: ஷோர்ட்ஸ்டொப்பின் பிழை. அதனால் விழுந்த ஓட்டம், பிட்சர் விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் சராசரியில் சேராது. இது நியாயமான ஏற்பாடு. பந்துவீசியவர் தன் வேலையைச் சரியாகத்தானே செய்தார்? எது பிழை, எது நல்ல அடி என்று தீர்மானிப்பவர் நடுவர் அல்ல, அதற்கென்றே உட்காரும் அதிகாரபூர்வ ஸ்கோரர். ஆட்டம் முடிந்த பிறகும் அவர் தீர்ப்பை மாற்றலாம். காலையில் ஈ6 என்று பார்த்தது பிறகு நல்ல அடியாக மாறியிருந்தால் குழம்ப வேண்டாம்.