அரூப ஓவியம்: அந்தச் சதுரம் உருவம் இல்லையா?

தன் படங்கள் புரியவில்லை என்று திட்டுபவர்களுக்குப் பதில் சொல்வதில்லை என்கிறார் ஓர் ஓவியர். நேர்காணலை மொழிபெயர்த்தவர் வரிக்கு வரி அவரை 'அரூப ஓவியர்' என்றே அழைக்கிறார். ஓவியர் பதில் சொல்ல வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் சொல்லியாக வேண்டும்.

'அரூபம்' என்று அவர் மொழிபெயர்த்த மூலச்சொல் ஆப்ஸ்ட்ராக்ட் (abstract). லத்தீனில் 'விலக்கி இழுத்தெடுத்தது' என்று பொருள். அவ்வளவுதான். உருவம் இல்லை என்ற பேச்சே அதில் கிடையாது.

அரூபம் என்றால் ரூபம் இல்லாதது. 1915இல் ரஷ்ய ஓவியர் மாலெவிச் காட்சிக்கு வைத்த 'கறுப்புச் சதுரம்' என்ற படம் உருவம் இல்லையென்றால் வேறென்ன? அங்கே இல்லாதது மரம், முகம், குதிரை என்று நாம் கைநீட்டிச் சொல்லத்தக்க ஒன்றுதான். வடசொல் ஆகாது என்று அதை 'அருவ ஓவியம்' ஆக்கியவர்கள் சட்டையை மட்டும் மாற்றினார்கள், ஆள் அதே ஆள். சைவ சித்தாந்தம் இறைவனின் நிலையை அருவம், உருவம், அருவுருவம் என்று மூன்றாகப் பிரித்தது. கண்ணுக்குத் தெரிந்தும் கை கால் முகமில்லாத இலிங்கத்தை அருவுருவம் என்றது. இவ்வளவு நுட்பம் உள்ள மொழியில், சுவரை அடைத்து நிற்கும் வண்ணத்துக்கு அருவம் என்று பெயர். (ஆய்வுக்கட்டுரையின் தலையில் வரும் ஆப்ஸ்ட்ராக்டை நினைத்துக்கொண்டு 'சுருக்க ஓவியம்' என்றவரை மன்னித்துவிடுவோம்.)

பெயர் செய்யும் கெடுதல் சின்னதல்ல. அரூபம் என்றதும் பார்ப்பவர் ஒளிந்திருக்கும் எதையோ தேடுகிறார், கிடைக்காமல் 'ஏமாற்று' என்கிறார். ஓவியர் பேசாமலிருந்தால் அதற்குப் பெயர் திமிர். அமெரிக்க ஓவியர்கள் ரோத்கோவும் காட்லீபும் 1943இல், தங்கள் படங்கள் குழப்புவதாக எழுதிய நியூயார்க் டைம்ஸ் விமர்சகருக்குக் கடிதம் எழுதினார்கள். படங்களுக்காக நாங்கள் வாதாட மாட்டோம், அவையே வாதாடிக்கொள்ளும் என்றார்கள். சொன்ன கையோடு தங்கள் கொள்கைகளை ஐந்தாக எண்ணிட்டு அடுக்கவும் செய்தார்கள்! விளக்க மறுப்பது வேறு, பேச மறுப்பது வேறு.

என் பரிந்துரை 'வடிப்போவியம்'. கலந்து கிடப்பதிலிருந்து வேண்டியதைப் பிரித்தெடுப்பதும் வடித்தல், சிலைக்கு உருக் கொடுப்பதும் வடித்தல். டச்சு ஓவியர் மோன்ட்ரியான் 1911இல் வரைந்த 'சாம்பல் மரம்' படத்தில் கிளைகள் வளைகோடுகளாகிக்கொண்டிருக்கின்றன; மரம் வடிந்துகொண்டிருப்பதை நேரிலேயே பார்க்கலாம்.

மாலெவிச்சின் சதுரம் எதிலிருந்தும் வடித்ததல்லவே என்பீர்கள். உண்மை. ஆனால் ஆப்ஸ்ட்ராக்டும் அதற்குப் பொருந்தாது. கோடு, வண்ணம், பரப்பு இவற்றைவிடத் திடமானது எது என்று கேட்டு, இன்னொரு டச்சு ஓவியர் வான் டூஸ்பர்க் 1930இல் அந்தச் சொல்லையே தள்ளினார். நம் இந்திய ஓவியர் கெய்தோண்டேயும் அந்த முத்திரையை ஏற்கவில்லை; தன் படங்கள் எந்தப் பொருளையும் சுட்டாதவை என்றார். அதையும் யாராவது 'பொருளற்ற ஓவியம்' என்று மொழிபெயர்த்து வைப்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: தமிழில் பொருள் என்றால் அர்த்தமும்தான்.