பேஸ் கனமாக வேண்டுமா? வால்யூமைக் கூட்டாதீர்கள்

மிக்ஸிங்குக்கு, அதாவது ஒலிகளைக் கலந்து சமன்செய்ய, என்னிடம் வரும் எலக்ட்ரானிக் டிராக்குகளில் அடிக்கடி ஒரே சிக்கலைப் பார்க்கிறேன். டிராக்கைச் செய்தவருடைய அறையில் அதிர்ந்த பேஸ் (இசையின் தாழ்ந்த ஒலி), இங்கே ஸ்பீக்கரில் மந்தமாக உருள்கிறது. போனில் போட்டால் இருக்கும் இடமே தெரியவில்லை. "இன்னும் கொஞ்சம் ஏத்திடலாமா சார்?" என்று கேட்கிறார்கள். ஏற்றினால் சரியாகாது. ஏற்றி ஏற்றிக் கேட்டே காதைக் கெடுத்துக்கொள்கிறார்களே என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

நம் காதுக்குத் தாழ்ந்த ஒலிகள் சரியாக எட்டாது. சத்தம் குறைவாக இருக்கும்போது பேஸ் இன்னும் மங்கும். கூட்டக் கூட்ட மற்ற ஒலிகளுக்கு ஈடாக எழும்பி வரும். பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். ராத்திரி ஹெட்ஃபோனில் முழுச் சத்தம் வைத்து வேலை பார்த்தால் எந்தப் பேஸும் கனமாகத்தான் கேட்கும். காலையில் சாதாரண அளவில் போட்டால் அந்தக் கனம் இருக்காது.

காதுக்கு என்ன ஆகிறது? அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியாஷ் பரிந்துரைக்கும் எல்லை, 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 94-க்கு 1 மணி நேரம், 100-க்கு வெறும் 15 நிமிடம். பேஸுக்காக ஏற்றும்போது ஸ்னேர், ஹை-ஹாட் போன்ற கூர்மையான டிரம் ஒலிகளும் சேர்ந்தே ஏறுகின்றன. அதிகச் சத்தத்தால் பெரும்பாலும் முதலில் அடிபடுவது 4000 ஹெர்ட்ஸை (விநாடிக்கு 4000 அதிர்வு) ஒட்டிய பகுதி. போனது திரும்பாது.

சரி, கனம் எங்கிருந்து வரும்? பெரும்பகுதி ஹார்மோனிக்குகளிலிருந்து, அதாவது அடி அதிர்வெண்ணின் மடங்குகளிலிருந்து. தாழ்ந்த ஈ ஸ்வரம் 41 ஹெர்ட்ஸ். சுத்தமான சைன் அலையாக வாசித்தால் அந்த ஒரே அதிர்வெண்தான் இருக்கும். போன் ஸ்பீக்கரால் அதைக் கொடுக்கவே முடியாது. அதையே சாச்சுரேஷனில் (அலையின் வடிவத்தை லேசாக மாற்றும் எஃபெக்ட்) விட்டால் 82, 123, 164 என்று மடங்குகள் முளைக்கின்றன. அவற்றின் இடைவெளியை வைத்து, இல்லாத 41-ஐ மூளையே நிரப்பிக்கொள்கிறது.

அதனால் ஒரே நோட்டுகளை இரண்டு டிராக்கில் வைக்கச் சொல்வேன். கீழே சைன்: மோனோ (இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி), எஃபெக்ட் எதுவும் வேண்டாம். மேலே சா அலை (மடங்குகள் நிறைந்த, ரம்பப்பல் வடிவ அலை): அதை நன்றாக டிஸ்டார்ட் செய்து, அதாவது அலையை உருக்குலைத்து, அதற்குப் பிறகு 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஹை-பாஸ் ஃபில்டர் போட்டு அதற்குக் கீழே உள்ளதை வெட்டுங்கள். டிஸ்டார்ஷனுக்கு முன்னால் மட்டும் வெட்டினால், அது புதிதாக உண்டாக்கும் அடிச் சத்தம் சப்போடு (கீழே உள்ள சைன் டிராக்) மோதும். ஃபில்டர் ஃபேஸையும் (அலை ஏறி இறங்கும் நேரத்தை) நகர்த்தும். இரண்டையும் சேர்த்து ஓடவிட்டு, ஒன்றின் போலாரிட்டியைத் திருப்பிப் (அலையைத் தலைகீழாக்கி) பாருங்கள். எது தடிமனாகக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பிரிவினை ஏன் முக்கியம் என்பதற்கு ரீஸ் பேஸ் நல்ல உதாரணம். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர டெக்னோ இசைக்கலைஞர் கெவின் சாண்டர்சன் 1988-ல் ரீஸ் என்ற பெயரில் வெளியிட்ட டிராக்கிலிருந்து வந்த ஒலி அது. சற்றே சுருதி விலகிய அலைகள் ஒன்றோடொன்று உரசுவதுதான் அதன் அழகு. 41 ஹெர்ட்ஸில் இரண்டு அலைகள் அரை ஹெர்ட்ஸ் விலகினால், 2 விநாடிக்கு ஒருமுறை அடி ஒலி வற்றிப் போகும். மேல் டிராக்கில் அது உயிரோட்டம். சப்பில் நடந்தால் ஓட்டை.

அறையையும் சந்தேகப்படுங்கள். 10 அடிக்கு 10 அடி படுக்கையறையில் 56 ஹெர்ட்ஸ் பக்கம் சுவரோரம் பெருத்தும் நடுவில் ஒடுங்கியும் கேட்கும். நட்டநடுவில் உட்கார்ந்து ஏ ஸ்வரத்தில் (55 ஹெர்ட்ஸ்) பேஸ் எழுதுபவர், அது போதவில்லை என்று ஏற்றிக்கொண்டே போவார். நாற்காலியை நகர்த்திக் கேளுங்கள், எந்த அதிர்வெண் எவ்வளவு என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரைப் பாருங்கள், பிடித்த டிராக் ஒன்றை அதே சத்தத்தில் பக்கத்தில் ஓடவிடுங்கள்.

போனிலுள்ள டெசிபல் ஆப்பையும் முழுசாக நம்ப வேண்டாம். பெரும்பாலானவை ஏ-வெயிட்டிங் என்ற, தாழ்ந்த ஒலிகளைக் குறைத்து எண்ணும் முறையில் அளக்கின்றன. அது 50 ஹெர்ட்ஸை சுமார் 30 டெசிபல் குறைத்தே கணக்கிடும். பக்கத்தில் இருப்பவரோடு சாதாரணமாகப் பேச முடிகிற அளவில் ஸ்பீக்கரை வைத்தே பெரும்பாலான நேரம் வேலை செய்யுங்கள். வேலை முடிந்து காதில் கீச்சென்ற ஒலி கேட்டு, மறுநாளும் அது அடங்கவில்லை என்றால், ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்து, கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள்.